கயிற்றுக்குப் பின்னால் பந்தி

தர்சா லண்ட் அன்றைக்குக் கை தூக்கியே தீருவது என்றுதான் ஊர்க்கூட்டத்துக்கு வந்திருந்தாள். ஆனால் அவளையும் அவளைப் போன்றவர்களையும் மண்டபத்தின் குறுக்கே கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மார்ச் பிறந்தால் ரோடா, பள்ளிக்கூடமா, வரியா, எல்லாவற்றுக்கும் ஊர் கூடிக் கை தூக்கித்தான் முடிவு. ஊர்ப் பணத்தில் உதவி வாங்கியவருக்கு மட்டும் ஓட்டு கிடையாது. கம்பளி மில் ஓடிய வரை அந்தச் சட்டத்தில் மாட்டியவர்கள் ஒன்றிரண்டு குடிகாரர்கள்தான். மில்லை மூடிய பிறகு பாதி ஊர் மாட்டிக்கொண்டது. அங்கே நூல் சுற்றிய தர்சா, பிள்ளைகள் குளிரில் விறைக்கக்கூடாது என்று ஊரிடம் ஒரு வண்டி விறகும் ஒரு மூட்டை பீன்ஸும் உதவியாக வாங்கினாள். ஓட்டு போயிற்று.

வேலை போனதால் உதவி வாங்கியவரைப் பிச்சைக்காரராக எண்ணி ஓட்டைப் பறிக்கக்கூடாது என்ற தீர்மானம் அன்று பிற்பகல் ஓட்டுக்கு வந்தது. கூத்து என்னவென்றால், யாருக்காகத் தீர்மானமோ அவர்கள் ஓட்டுப் போட முடியாது. வேலை இழந்தவர்களைக் கைதூக்கிவிடுவோம் என்று வாஷிங்டனில் புது ஆட்சி வந்து ஒரு வருஷம் ஆகிறது. நம் ஊர்த் தலைவர் எல்பிரிட்ஜ் ஸ்டேப்பிள்ஸுக்கு இன்னும் தகவல் போகவில்லை போலும்.

"அந்தப் பக்கமே நில்லு தர்சா" என்றார் காலையிலேயே. "ஊர்க் காசுல சாப்பிட்டவங்களுக்கு இங்க பேச்சு கிடையாது."

"பரிமாற மட்டும் வரலாமா?"

"அது வேற. உன் பீன்ஸ் இல்லாம கூட்டமா?"

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஒரு படி பீன்ஸ் தருவது வழக்கம். இந்த வருஷம் ஓட்டுள்ள முன்வரிசைக்காரர்கள், பக்கத்து வீடு தரும் என்று ஆளுக்கு ஆள் கையைக் கட்டிக்கொண்டார்கள். கொடுத்தவர்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்கள்தான். கரும்புப் பாகும் உப்புப் பன்றிக்கறியும் சேர்த்து தர்சா பதமாக வேகவைத்திருந்தாள். ஸ்டேப்பிள்ஸ் தட்டை ரொட்டியால் வழித்துத் துடைத்து, மறுபடியும் நீட்டினார். கரண்டியைச் சாய்த்தபோதுதான் தர்சாவுக்குப் பொறி தட்டியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிறையவே ஊற்றினாள்.

சாப்பாடு முடிந்து தீர்மானம் வந்தது. ஸ்டேப்பிள்ஸ் சுத்தியலைத் தட்டினார். "ஊர்க் காசுல சாப்பிட்டவங்க யாராவது முன்னாடி இருந்தா, இப்பவே பின்னாடி போயிடுங்க."

"அப்போ நீங்களும் வாங்க தலைவரே" என்றாள் தர்சா.

"என்ன உளர்றே?"

"இப்ப சாப்பிட்டீங்களே, அது எங்க வீட்டு பீன்ஸ். எங்களுக்கு ஊர் கொடுத்த பீன்ஸ். நீங்க ரெண்டு தட்டு. நானே பரிமாறினேன்."

முன்வரிசையில் ஆல்டன் கிராஸ்பி எழுந்தார். உருளைக்கிழங்கு விவசாயி, தீர்மானத்துக்கு எதிரி. தொப்பியைக் கையில் பிடித்தபடி குனிந்து கயிற்றைத் தாண்டினார்.

"ஆல்டன், நீயுமா?"

"நான் மூணு தட்டு. பொய் சொல்லச் சொல்றியா எல்பிரிட்ஜ்?"

குபீரென்று சிரிப்பு. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. வீராப்புக்காரர்களும் வந்தார்கள், மனைவி முறைத்ததால் வந்தவர்களும் உண்டு. கடைசியில் மேடையில் சுத்தியலோடு ஸ்டேப்பிள்ஸ் மட்டும்.

"ஓட்டுப் போட ஆளே இல்லையே!"

"ஊரே இங்கதானே நிக்குது" என்றாள் தர்சா. "கயித்தை அவுத்துப் பாருங்க."

அவர் முகம் கன்றிச் சிவந்தது. ஆனாலும் மனிதர் கணக்கில் நேர்மையானவர், அதை மறுக்க முடியாது. இறங்கி வந்தார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை, ஆல்டன்தான் உதவினார். கயிறு தரையில் விழுந்தது.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் ஸ்டேப்பிள்ஸ்.

முதலில் எழுந்தது தர்சாவின் கை. கரண்டியைக் கீழே வைக்கவே அவள் மறந்திருந்தாள். ஸ்டேப்பிள்ஸ் அவளை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணினார்.

"லண்ட், ஒண்ணு."