வலிக்காத கால்

ஆண்டிச்சாமிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கை அதற்கும் முந்திக்கொள்ளும்.

அன்று காலையில் அந்தக் கை செவந்தியின் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரவிக்கையெல்லாம் ரத்தம். அவள் பிடித்திருந்த ஊசி சுவரில் மோதிச் சுக்குநூறாகிப் போனது. யுத்த காலத்தில் அந்த ஊசி மருந்து கிடைப்பதே குதிரைக்கொம்பு. சர்க்கரை வியாதிக்காரப் புருஷனுக்குத் தினம் கஞ்சிக்கு முன்னால் அதைப் போடச் சொல்லி ஆஸ்பத்திரி டாக்டர் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். மூன்று நாளாக அவன் போட விடவில்லை. இன்றும் அதை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள், அதுதான் அவள் செய்த குற்றம்.

"காப்புக் கட்டின ஒடம்புடி! இரும்பு படலாமா? அறிவிருக்கா ஒனக்கு?"

"காப்பே கட்டாதீங்கன்னு கால்ல விழுந்தேனே, கேட்டீங்களா?"

இன்னொன்று வைத்தான்.

கேட்பானா அவன்? குன்றாண்டார்கோவிலைச் சுற்றி நாலு ஊரிலும் அவனுக்குப் பேரே அக்கினிச்சாமி. மாரியம்மன் பூக்குழியில் மற்றவனெல்லாம் தணலில் விழுந்தடித்து ஓடுவான். இவனோ மூன்று வருஷமாக வரப்பில் நடக்கிற மாதிரி நடந்தான். நடுவில் நின்று வேட்டியை வேறு சரிசெய்துகொண்டான். சுடவே இல்லை. ஆத்தா ஏந்திக்கொண்டாள் என்று ஊரே அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டது.

போன வருஷம் பூமிதித்த பத்தாம் நாள் உள்ளங்கால் அழுகி நாறியது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் அவன் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். சர்க்கரை மிகுந்திருந்ததால் அது செங்கல் நிறமாகத் திரிந்தது. ஊசியும் அளவுச் சாப்பாடுமாக ஒன்றரை மாதம் கிடந்த பிறகுதான் நீலம் மாறாமல் நின்றது. புண்ணும் மூடியது.

"சர்க்கரை ஏறி ஏறி ஒங்க கால்ல உணர்ச்சி செத்துப்போச்சு. இது வரமில்லை, வியாதி" என்றார் டாக்டர். "போன உணர்ச்சி திரும்புமோ திரும்பாதோ. இனிமேலாவது சர்க்கரையைக் கட்டுல வச்சா காலு தப்பும், கண்ணு தப்பும். விட்டா முழங்காலோட வெட்டணும்."

ஆத்தா கொடுத்த வரத்தை வியாதி என்றவரை அங்கேயே அறைந்திருப்பான். எழுந்து நிற்க முடியாததால் டாக்டர் பிழைத்தார்.

இப்போது மறுபடியும் பூக்குழி. எட்டு நாள் விரதம், சோறு கிடையாது, வெல்லப் பானகம்தான். செம்பு செம்பாகக் குடித்தான். குடிக்கக் குடிக்கத் தாகம்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் குழிக்கு விறகு வந்து இறங்கியது. பூசாரி கருப்பன் கொடுத்த பானகத்தைக் குடித்துக்கொண்டு, விறகு அடுக்கின்மேல் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான் ஆண்டிச்சாமி. வீங்கிய உதட்டோடு செவந்தி வந்தாள். அவன் காலடியில் குந்தினாள். வந்தாளா வழிக்கு என்று அவனுக்கு உள்ளூரச் சிரிப்பு.

"இந்த வருசம் நடுக்குழியில நின்னு வெத்தலை போடப்போறேன் பாரு கருப்பா!"

விறகு இறக்கியவர்கள் கட்டையும் கையுமாக அப்படியே நின்றார்கள்.

"என்னடா, எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவர்கள் பார்த்த இடத்தை அவனும் குனிந்து பார்த்தான். அவனுடைய இடது குதிகாலில் விரல் நீளக் கருவேல முள் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. ரத்தம் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இரும்பு படக்கூடாதுன்னீங்க, முள்ளு படலாம்ல? நான்தான் குத்தினேன்." செவந்தி எழுந்தாள். "இங்க நெருப்பு எங்க இருக்கு? ஆத்தா எதைத் தடுத்தா? முள்ளு எறங்கியும் ஏன் வலிக்கலை? சொல்லுங்கய்யா எல்லாரும்!"

குதித்திறங்கித் தலைமயிரைப் பிடித்து அவளை விறகில் மோதினான். நெற்றி பிளந்தது. அவள் அடங்கவில்லை.

"கொல்லுங்க! கொன்னுட்டு நீங்களே குத்திப் பாருங்க. வலிச்சா நான் பொய்க்காரி!"

முள்ளைப் பிடுங்கினான். அதே இடத்தில் குத்தினான். பெருவிரலில் ஏற்றினான். அடுத்தவன் காலில் குத்துகிற மாதிரி இருந்தது. ஆண்டிச்சாமிக்கு முதல்தடவையாகப் பயம் வந்தது. பயம் வந்தால் மற்றவன் ஓடுவான். இவனுக்கு அடிக்கத்தான் தெரியும். கீழே கிடந்த கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கினான்.

"வலிச்சுத் தொலையேன், சனியனே!" என்று தன் காலைப் பார்த்தே இறக்கினான்.

செவந்தி பாய்ந்து அந்தப் பாதத்தின்மேல் கையை வைத்தாள்.

விரல்கள் நொறுங்கின. "ஐயோ ஆத்தா!" என்று அவள் போட்ட கூச்சலில் கருப்பன் கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது. கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மண்ணில் புரண்டாள், தரையை உதைத்தாள். ஆண்டிச்சாமி பார்த்துக்கொண்டே நின்றான். தன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய கூச்சல் அது என்று அந்த முரடனுக்கும் புரிந்தது.

மணிக்கட்டை நீட்டினான். "காப்பை அறுடா கருப்பா."

"சாமிக் குத்தம்ணே..."

"அறுடாங்கிறேன்! ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

கீரனூரில் பஸ் பிடிக்க வண்டி கட்டினார்கள். பாதி வேட்டியை அவன் காலில் சுற்றினார்கள், மீதியை அவள் கையில்.

"டாக்டரு சொல்றதைக் கேப்பீங்களா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கேக்குறேன். ஊசி, அளவுச் சோறு, அம்புட்டும்."

வண்டி மேட்டில் ஏறி இறங்கியதும் அவள் துடித்துப்போனாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"உசிரு போகுதுங்க."

ஆண்டிச்சாமி தன் காலைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். அடித்தே பழகியவன், அழத் தெரியாமல் அழுதான்.

"குடுத்து வச்சவடி நீ" என்றான்.