சத்தம் போடாத காற்றாடி

எங்கள் படகில் மின்சாரத்துக்காகக் கம்பத்தில் வைத்திருந்த காற்றாடி போட்ட அலறலில் திமிங்கிலங்களே ஊரைக் காலி செய்திருக்கும். பேரிங் தேய்ந்திருந்தது. அந்த அலறலைக் கேட்டாலே இறக்கை சுற்றுகிறது என்று எல்லோரும் குனிந்து நடப்போம்.

காற்றில்லாத காலையில் இறக்கைகளைக் கயிற்றால் கட்டிவிட்டு, நானும் மச்சானும் புது பேரிங் போட்டோம். முடித்ததும் கயிற்றை நானே அவிழ்த்தேன். என் கைவேலையைப் பார்க்கக் கடலே எட்டிப் பார்த்ததாக நினைப்பு எனக்கு.

மதியம் காற்று ஏறியது. ஒரு முனகல்கூட இல்லை. மச்சான் ஸ்பேனரோடு ஏணியில் ஏறினான்.

"எங்க போறே?"

"ஒரு நட்டு லூசா இருக்கு அத்தான். காத்தாடி நின்னுட்டுதானே இருக்கு?"

"அதான் சத்தமே இல்லையே, ஏறு!" என்று சிரித்தேன்.

அவன் காலடியைப் பார்த்தபடி கையைத் தலைக்கு மேலே நீட்டினான். அப்போதுதான் படகின் தளத்தில் இறக்கைகளின் நிழல் மின்விசிறியாய்ப் பறப்பதைப் பார்த்தேன்.

"கையை எடுடா!"

'டங்' என்றது. ஸ்பேனர் பறந்து கடலில் விழுந்தது. மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை என் பக்கம் நீட்டினான்.

"விரல் இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

எண்ணினேன். நம்பாமல் மறுபடியும் எண்ணினேன்.

"இருக்குடா."

தலைக்கு மேலே அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.