தொடை மஞ்சளா, கறுப்பா?

ஒரு ஈயிடம் போய், "கொஞ்சம் பின்தொடையைக் காட்டேன் தாயே" என்று கெஞ்சும் பெண்ணை நீங்கள் பார்த்ததில்லை என்றால், மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் லாண்டரியின் பின்பக்கம் வாருங்கள். நான்தான் அது. பத்து வருடமாக அந்தக் கடையில் துணிகளில் கறை எடுக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில், பின்னால் காலி மனையில் பூத்துக் கிடக்கும் களைச்செடிகளுக்கு நடுவே போனும் கையுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இதை 'ஈ ஓட்டுற வேலை' என்பார்.

பூ ஈ என்று ஒன்று இருக்கிறது. குளவி மாதிரி மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். ஆனால் கொட்டாது, சுத்த அப்பிராணி. அந்தரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கும். அதில் இரண்டு இனம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் பெண் ஈயின் பின்தொடையில்தான். மஞ்சளாக இருந்தால் மஞ்சள்தொடை, கறுப்பாக இருந்தால் கருந்தொடை. ஆண்களை நம்பிப் பிரயோஜனமில்லை, இரண்டு இனத்திலும் அவர்களுக்குத் தொடை கறுப்புத்தான். மஞ்சள்தொடை எங்கள் ஊரில் மூலைக்கு மூலை இருக்கிறது. கருந்தொடையை இதுவரை ஒருவரும் இங்கே பார்த்ததில்லை.

எங்கள் ஈக் குழுவில் எழுபது பேர், எல்லாம் போனிலேயே. தலைவர் ஒரு பல் டாக்டர். "படத்தை வைத்துச் சொல்ல முடியாது" என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். குழுவின் சட்டத்தை எழுதியவரும் அவரே. வைத்த பெயர் தப்பென்று நிரூபணமானால், வைத்தவர் கணக்கில் ஒரு தப்பு. மூன்று தப்பு சேர்ந்தால் பெயர் வைக்கும் உரிமை போச்சு. அதற்குப் பிறகு படம் மட்டும் போடலாம், யாராவது பெயர் சொல்லும்வரை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கலாம்.

என் கணக்கில் ஏற்கெனவே இரண்டு. முதல் தடவை ஒரு தேனீயைப் பூ ஈ என்று அடித்துச் சொன்னேன். அடுத்து, கண்ணைப் பார்க்காமல் ஓர் ஆணைப் பெண் என்றேன். கண் இரண்டும் உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண் என்பது எங்கள் அரிச்சுவடி. எனக்குப் பெயர் சொல்வதில்தான் உயிரே இருக்கிறது. அது போய்விட்டால் இந்தக் குழுவில் எனக்கு என்ன வேலை?

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் ஈ வசமாக மாட்டியது. தொடை பளிச்சென்று மஞ்சள். படத்தைப் போட்டு நான் வாயைத் திறப்பதற்குள் பல் டாக்டர், "மஞ்சள்தொடை. சந்தேகமே இல்லை" என்று எழுதிவிட்டார். அவரிடமிருந்து "சந்தேகமே இல்லை" வருவது குதிரைக் கொம்பு. குழுவே கைதட்டியது. நானும்தான்.

மறுநாள் கடைக்கு ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. மார்பு முழுக்க மஞ்சள். யாரோ பூங்கொத்தை இறுக்கி அணைத்திருக்கிறார்கள்.

"தண்ணி காட்டிடாத, மகரந்தம்," என்றார் முதலாளியம்மா.

எனக்கா தெரியாது? சாயம் நூலுக்குள் இறங்கும். மகரந்தம் நூலின் மேலே உட்காரும், ஓரம் பொடிப்பொடியாக இருக்கும். செலோடேப்பை ஒட்டி எடுத்தால் வந்துவிடும். லென்ஸை வைத்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஓரத்தை நேற்று எங்கேயோ பார்த்தேனே!

போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். ஈயின் தொடையில் அதே பொடி ஓரம். அது நிறமில்லை, தூள்! பூவில் புரண்டுவிட்டு வந்திருக்கிறாள் கள்ளி. தூளுக்கு அடியில் என்ன நிறம்? நேற்று பதினான்கு படம் எடுத்து, பன்னிரண்டை மங்கல் என்று நானே அழித்துத் தொலைத்திருந்தேன். நல்லவேளை, எல்லாம் போனின் குப்பைத்தொட்டியில் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கிளறினேன். ஒன்றில் தலை இதழுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஆனால் பின்கால்களைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தொடை கரிக்கட்டை மாதிரி கறுப்பு.

நான் போட்ட கத்தலில் முதலாளியம்மா, "ஐயோ, சட்டை போச்சா?" என்று ஓடி வந்தார்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மறுத்து எழுதி அதுவும் தப்பாயிடுச்சுன்னா மூணாவது ஆச்சேம்மா. பேசாம இருந்துட்டா என்ன?" என்றார்.

"அவளுக்குப் பேரு தப்பா இருக்குங்க!"

"யாருக்கு?"

"ஈக்கு!"

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "எழுதலைன்னா நீ என்னைத் தூங்க விடமாட்டே. எழுது."

"மறுக்கிறேன். இது கருந்தொடை" என்று எழுதி, இரண்டு படத்தையும் போட்டேன். பத்து நிமிடத்தில் பல் டாக்டரே கூப்பிட்டார். பக்கத்தில் யாரோ கொப்பளித்துத் துப்பும் சத்தம்.

"மேடம், ரெண்டாவது படத்துல கறுப்புதான், ஒத்துக்கறேன். ஆனா தலை தெரியலையே. அது பறந்துபோய், வேற ஆண் ஈ வந்து உக்காந்திருந்தா?"

ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை எங்கள் கடைக்கு ஒரு நாளில் நாற்பது வரும். மாறிவிடாமல் இருக்கக் காலருக்குள் குறி போடுவோம். இவளுக்குக் குறி எங்கே? இரண்டு படத்தையும் அங்குலம் அங்குலமாகத் துழாவினேன். கிடைத்தது!

"டாக்டர், இடது றெக்கை ஓரம் பாருங்க! எலி கடிச்ச மாதிரி ஒரு வெட்டு. முதல் படத்திலயும் அதே இடம், அதே வெட்டு!"

"நீங்க வாயைத் திறந்தே வெச்சிருங்க" என்று யாரிடமோ சொன்னார். அடுத்த நொடி என் காது கிழிந்தது. "கருந்தொடை! மேடம், கருந்தொடை! நம்ம ஊர்ல!"

அவர் குதிப்பது எனக்குக் கேட்டது. நானும் சட்டைகளுக்கு நடுவே குதித்தேன். மூச்சு வாங்க அவர் சிரித்தார். "எனக்கு இது மூணாவது."

"எது டாக்டர்?"

"தப்புதான். சட்டம் நான் எழுதினதாச்சே."

என் முகத்தில் ஈயாடவில்லை. "டாக்டர், நான் மறுப்பை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா தொலைச்சுப்புடுவேன். சந்தேகமே இல்லைன்னு எழுதினது என் கொழுப்பு."

சாயங்காலம் குழுவில் அவருடைய படம் ஒன்று வந்தது. கீழே, "பெயர் தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்" என்று இருந்தது. ஒருவருக்கும் பெயர் சொல்லக் கை வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். கண்கள் விலகியிருந்தன, பெண்தான். தொடை மட்டும் இலைக்குப் பின்னால்.

"டாக்டர், இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது," என்று எழுதினேன். "குப்பைத்தொட்டியைக் கிளறிப் பாருங்கள்."

அடுத்த நிமிடமே ஒன்பது மங்கல் படங்கள் வந்து விழுந்தன.