கஞ்சி போட்ட கப்பல் கயிறு

1

என் பெயர் எழிலரசன். வயது இருபத்திரண்டு. ஊர் சங்கரன்கோவில் பக்கம். இப்போது இருப்பது ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், கோதண்டம் வீட்டு முன்னறையில், வாடகைக்கு. கம்பெனியில் காலை ஏ ஷிப்ட் முடிந்து வந்து படுத்தபடியே போனிடம் வாயால் சொல்லிச் சொல்லி இதை எழுதுகிறேன். விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன.

கதை கிடைத்த விதத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சட்டை மாட்ட ஆணி தேடினேன். ஒரு சுவரில் மூன்று துளை போட்ட பலகை அறைந்திருந்தது. எதிர்ச்சுவரில் அதே உயரத்தில் ஒரு சின்னக் கப்பி. வீட்டுக்கார அம்மா மீனம்மாளிடம் கேட்டேன்.

"அதுவா? கப்பல் கயிறு திரிச்சது தம்பி. தொண்ணூத்தியொண்ணுல."

"ஒரகடத்துல கப்பலாக்கா?"

"பொம்மைக் கப்பல்பா. எங்க வூட்டுக்காரு பண்ண வேலை."

மிச்சத்தை நாளுக்குக் கொஞ்சமாகச் சொன்னார். சொல்லாததை நான் சேர்த்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கடலையே பார்க்காத கோதண்டம்" –

வேண்டாம். மகாபலிபுரம் எவ்வளவு தூரம்? பார்த்திருப்பார்.

இரண்டாம் தொடக்கம்: "ஆடிக் காற்றில் நூல்" –

இதுவும் அசதியாக இருக்கிறது. நேராகவே சொல்கிறேன்.

1991இல் கோதண்டத்துக்கு இருபத்தெட்டு வயது. பிறந்தது வாலாஜாபாத் அருகே நெசவுக் குடும்பத்தில். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. அங்கே மேனேஜர் ஒரு பாய்மரக் கப்பலை மரத்தில் சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க. எல்லாம் முடிந்தது, கயிறு மட்டும் அமையவில்லை. கடையில் வாங்கிய நூலைக் கட்டினால் நூலாகவே தெரிந்தது.

"கயிறு மாதிரி இருக்கணும். முறுக்கு கண்ணுக்குத் தெரியணும். ஆனா குண்டூசி கனம்தான்."

"நான் திரிச்சுத் தரேன் சார்," என்றார் கோதண்டம்.

"செய். தீபாவளி கழிச்சு பர்மனென்ட் லிஸ்ட் போடறோம். உன் பேரைச் சொல்றேன்."

3

குட்டிக் கயிறு திரிக்க இரண்டு பேர் வேண்டும்.* பலகையின் மூன்று துளைகளில் மூன்று கம்பிக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு புரி நூல். மறுமுனைகளை ஒன்றாக முடிந்து, கப்பி மேல் விட்டு, எடைக்கல்லைத் தொங்கவிட வேண்டும். மீனம்மாள் மூன்று கொக்கிகளையும் ஒரே பக்கமாகச் சுற்றினார். கோதண்டம் மூன்று பள்ளம் செதுக்கிய பம்பரத்தை நூல்களுக்கு நடுவே பிடித்து, கப்பி முனையிலிருந்து அவரை நோக்கி நடந்தார். பம்பரத்துக்குப் பின்னால் மூன்று புரியும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கயிறாயின.

"மெதுவா சுத்து. கல்லு ஏறிக்கினே போவுது பாரு."

"நீங்க மெதுவா நடங்க. ஆபீசுக்குப் போறப்ப இந்த வேகத்தக் காணோமே."

\* இதை என் ரூம்மேட் ஹேமந்தோடு செய்து பார்த்தேன். ஒன்றரை அடிக்குக் கயிறு வந்தது. பிறகு அவன் தூங்கிவிட்டான்.

4

இனி வருவதுதான் கதை.

பருத்திக் கயிற்றில் பிசிறு நிற்கும். குண்டூசி கனத்தில் அது கம்பளிப்பூச்சி போலத் தெரியும். அதற்காக மேனேஜர் ஒரு தேன்மெழுகுக் கட்டி கொடுத்திருந்தார். கோதண்டம் அதைத் தொடவில்லை.

"மெழுகு தடவுனா நூலு செத்துப்பூடும். பாவுக்கு நாங்க இன்னா போடுவோம்? கஞ்சிதான."

தறிக்குப் போகும் பாவு நூலுக்குப் பிசிறு அடங்க அரிசிக் கஞ்சி தடவுவது அவர் வீட்டு வழக்கம். தறியில் அது சரி. நெய்த துணி துவைத்தால் கஞ்சி போய்விடும். கப்பலை யாரும் துவைப்பதில்லை.

[முதல் பிரதியில் இந்த யோசனையை மீனம்மாள் மேல் போட்டிருந்தேன். வாசித்துக் காட்டினேன். "அது அவரு யோசனை. நான் சோறு வடிச்சதோட சரி," என்றார். மாற்றிவிட்டேன்.]

கயிறு பிசிறே இல்லாமல் விறைப்பாக, அழகாக வந்தது. மேனேஜர் விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"மெழுகு போட்டியா?"

"போட்டேன் சார்."

5

ஐப்பசி மழையில் கரப்பான்கள் கம்பெனிக்குள் வந்தன. ஒரு சனிக்கிழமை காலை வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலின் பாய்கள் சரிந்து கிடந்தன. இருபது கயிறுகளுக்கு மேல் அறுந்திருந்தன. தினமும் கண்ணாடி துடைப்பவர் லூர்தம்மாள். துடைக்கும்போது கையை விட்டு இழுத்திருக்கிறார் என்று மேனேஜர் முடிவு செய்தார். திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்றார். லிஸ்ட்டில் கையெழுத்தாவதும் அதே திங்கட்கிழமை.

கோதண்டம் ஒரு முனையை எடுத்துப் பார்த்தார். இழுத்து அறுந்த நூல் நார் நாராக நிற்கும். இது ஓரம் ஓரமாகக் கடிபட்டிருந்தது. கப்பலின் தளத்தில் மிளகுத்தூள் போலக் கரப்பான் எச்சம். கஞ்சி தின்ன வந்தவை. மேனேஜருக்கு அது தூசி.

சைக்கிள் ஸ்டாண்டில் லூர்தம்மாள் காத்திருந்தார்.

"கோதண்டம், நீதான திரிச்ச. இழுத்தா அறுவற கயிறாப்பா அது?"

"இல்லக்கா."

"அத்த மட்டும் சார் கிட்ட சொல்லுப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

அந்தக் கயிறு இழுத்து அறுந்துபோகவில்லை என்றால் பின் எப்படி அறுந்தது என்று மேனேஜர் கேட்பார். அதுதான் வேற ஒண்ணு.

வீட்டில் மீனம்மாள் எல்லாம் கேட்டார்.

"லூர்தக்காவுக்கு வேற வேலை கெடைக்குமா?"

"அம்பது வயசுக்கு மேல எவன் குடுப்பான்?"

"அப்ப சொல்லிடுங்க."

"சொன்னா லிஸ்ட்டு பூடும். பொய் சொன்னவன்னு இருக்கற வேலையும் பூடும்."

"அப்ப சொல்லாதீங்க."

"இன்னாடி ரெண்டு பக்கமும் பேசற?"

"பின்ன? கயிறு திரிக்க ரெண்டு பேர் வேணும்னீங்க, வந்து நின்னேன். இத்தயும் ரெண்டு பேராவா போய் சொல்றது?"

6

முடிவு ஒன்று. திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கோதண்டம் மேனேஜர் அறைக்குள் போய், "சார், நான் மெழுகு போடல," என்கிறார். மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளில் –

இல்லை. இந்த முடிவில் மேனேஜர் தானாகவே நல்லவராகிவிடுகிறார். நான் தடுத்தும் கேட்கவில்லை. அழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. லூர்தம்மாள் கேட்டருகே நிற்கிறார். கோதண்டம் சைக்கிளைப் பூட்டுகிறார். பூட்டிய சைக்கிளைத் திறந்து மறுபடி பூட்டுகிறார். நிமிரும்போது அவர் –

இதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

கோதண்டம் இப்போது சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தக் கம்பெனி மூடியபோது பர்மனென்ட் ஆட்களும் ஆட்டோதான் வாங்கினார்கள். அவரையே கேட்கலாம். இரண்டு முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கேட்கவில்லை.

மீனம்மாளிடம் கேட்டேன். "அன்னைக்கு என்ன செஞ்சாருக்கா?"

"நீ இன்னான்னு நெனைக்கற?"

சொன்னேன்.

"அப்ப அதுவே இருக்கட்டும்," என்று குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

நான் சொன்னது எது என்று இங்கே எழுதப்போவதில்லை. அம்மா, அப்பா, இதை முதலில் உங்களுக்குத்தான் அனுப்புகிறேன். எனக்கும் இரண்டு மாதத்தில் பர்மனென்ட் லிஸ்ட் வருகிறது. என் மேல் இப்போது ஒரு தப்பும் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை நான் கோதண்டமாக இருந்தால், எதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைப்பீர்களோ, அதை ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள். உன் விருப்பம் என்று மட்டும் எழுதாதீர்கள்.