ரஷீத் அஹமது படகில் ஏற்றிய சாமான்கள்

பேரணாம்பட்டில், மூடிக்கிடக்கும் ஒரு தோல் தொழிற்சாலையின் முற்றத்தில், ரஷீத் அஹமதின் பாய்மரப் படகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மிதக்கத் தொடங்கியது. முற்றத்தில் தண்ணீர் இல்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஏரியில் நிற்பதுபோல் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. முதலில் பார்த்தவர் வாட்ச்மேன் வேலு. அடியில் துடைப்பத்தை விட்டுப் பார்த்தார். அது மறுபக்கம் வந்தது. பல மாதமாகப் பெருக்க முடியாமல் கிடந்த இடம் என்பதால், கையோடு பெருக்கியும் விட்டார்.

ரஷீத் அஹமது அங்கே சூப்பர்வைசராக இருந்தவர். ஒரே மகன் ஒவைஸ் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய், சில வருடங்களுக்கு முன் நடுக்கடலில் காணாமல் போனான். கம்பெனியிலிருந்து அவனுடைய பை மட்டும் வந்தது. உடல் கிடைக்காத பிள்ளையை இறந்தவன் என்று சொல்ல ரஷீதுக்கு வாய் வரவில்லை. தானே போய்த் தேடுவது என்று முடிவெடுத்தார். கடலையே வாழ்க்கையில் இரண்டு முறைதான் பார்த்தவர், அதிலும் ஒருமுறை பஸ் ஜன்னல் வழியாக. காசிமேட்டில் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கி, பாய்மரம் நட்டார். பாலாற்றில் வெள்ளம் வரும்போது அப்படியே கடலுக்குப் போய்விடலாம் என்பது அவர் யோசனை. அதற்குள் கடலே பேரணாம்பட்டுக்கு வந்துவிடும் என்று ஊர் சிரித்தது.

தோல் ஊர்க்காரருக்குத் தெரிந்தது தோல்தான். மற்றவர்கள் பாயைத் துணியில் தைப்பார்கள். இவர் ஆட்டுத்தோலில் தைத்தார். ஒவைஸ் காணாமல் போனதிலிருந்து பக்ரீதுக்கு அவன் பெயரில்தான் குர்பானி. ரஷீதின் தம்பிகளான அவனுடைய சாச்சாக்களும் ஆளுக்கொரு ஆடு அவன் பெயரிலேயே கொடுத்தார்கள். குர்பானித் தோலை விற்றுக் காசை வைத்துக்கொள்ளக் கூடாது. மதரஸாவுக்குக் கொடுக்கலாம், சொந்த உபயோகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். படகுப் பாய் சொந்த உபயோகத்தில் சேருமா என்று பள்ளிவாசலில் அஸர் தொழுகையிலிருந்து மக்ரிப் தொழுகை வரை பேசினார்கள். கடைசியில் ஹஜ்ரத், "உங்க உபயோகத்துக்குத்தானே, வச்சுக்கோங்க ரஷீத் சாப்" என்று முடித்துவைத்தார். யார் பெயரில் அறுத்த ஆடு என்று அவர் கேட்கவில்லை. ரஷீதுக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட அந்தத் தோல்களை, ஷூ கம்பெனியில் தையல் போடும் பிரிசில்லா ஒன்றாக இணைத்துக் கொடுத்தாள். பாயை மரத்தில் கட்டிய அன்றுதான் படகு எழும்பியது. இலை அசையாத வெயிலிலும் பாய் மெல்லப் புடைக்கும், அடங்கும், மறுபடி புடைக்கும். தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி இருக்கிறது என்றாள் பிரிசில்லா. அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டது. ரஷீத் சாமான் ஏற்றத் தொடங்கினார். தண்ணீர் கேன்கள், அரிசி, உப்புக்கண்டம், கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், ஸ்டவ், காய்ச்சல் மாத்திரை. முதல் இரண்டு நாளைக்கு ஆகட்டும் என்று அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான் பேக்கரி பன்னும் வாங்கி வைத்தாள். மறுநாள் பார்த்தால் பாதி இல்லை. மறுபடி ஏற்றினார், மறுபடி குறைந்தது. ரஷீத் வேலுவைச் சந்தேகப்பட்டார், வாய்விட்டும் கேட்டார். வேலு அத்தோடு அவரிடம் பேசுவதை விட்டார். பெட்டிகளுக்குப் பூட்டு போட்டார்கள். பூட்டு பூட்டியபடி இருந்தது, உள்ளே இருந்தது போனது.

ஒருநாள் அஃப்ஸர் ஜஹான் தானே ஏறிப் பார்த்தாள். கருவாடு தொடாமல் கிடந்தது. ஒவைஸுக்கு மீன் வாடையே ஆகாது. பன்கள் தீர்ந்திருந்தன. அவற்றில் இருந்த டூட்டி ஃப்ரூட்டித் துண்டுகளை மட்டும் யாரோ பொறுக்கி, தட்டின் ஓரத்தில் சின்னக் குவியலாக வைத்திருந்தார்கள். பேச்சு வராத வயதிலிருந்து அவன் பன் சாப்பிடுவது அப்படித்தான். பை வந்த நாளில்கூட அழாதவள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"ஏங்க, அவன் இங்கதான் வந்து சாப்ட்டுப் போறான். நீங்க படகை எடுத்துட்டுப் போய்ட்டா அவன் எங்க வருவான்?"

"சாப்பாடு போறது தெரியுது. புள்ள எங்க, அஃப்ஸர்? நான் போய்த் தேடாம வேற யார் தேடுவாங்க?"

"தேடிப் போன எடத்துல அவன் இல்லன்னா?"

ரஷீத், படகை வருகிற வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். அன்று காலையில் மொத்தமாகச் சாமான் ஏற்றிக்கொள்ளலாம், அதுவரை ஒரு பருக்கைகூட உள்ளே போகக் கூடாது என்று தடை போட்டு, முற்றத்துக் கதவின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அஃப்ஸர் ஜஹான் கெஞ்சிப் பார்த்தாள், பிறகு அவளும் அவரிடம் பேசுவதை விட்டாள். உள்ளே இருந்தது தீர்ந்தது. படகு தாழ்ந்துகொண்டே வந்து வியாழக்கிழமை தரையில் உட்கார்ந்தது. பாய் வெயிலிலிருந்து எடுக்க மறந்துபோன பச்சைத்தோல்போலச் சுருங்கிவிட்டது. அது புடைத்து அடங்குவதற்கு இடையே ஒரு ஆள் தெருமுனைக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

அன்று மதியம் ரஷீத் கயிறுகளைச் சரிபார்க்க ஏறினார். உள்ளே, யாருமில்லாத இடத்தில், காலித்தட்டை விரலால் வழிக்கும் சத்தம் கேட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து, ஏதாவது ஒட்டியிருக்குமா என்று பார்ப்பதுபோல் இன்னொரு முறை வழித்தது.

செருப்புகூடப் போடாமல் கடைத்தெரு வழியாக ஓடினார். வீட்டில் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையைத் துணி பிடிக்காமல் அப்படியே தூக்கினார். கை பொத்துப்போனது. "அஃப்ஸர், சால்னா எடு! சீக்கிரம் வா, புள்ள பசியோட உக்காந்துனு இருக்கான்!" அவள் எதுவும் கேட்கவில்லை. இருவரும் பானையும் கிண்ணமுமாக ஓடியதை ஊரே பார்த்தது. வழியில் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். சாயங்காலத்துக்குள் படகு எழும்பிவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு பக்ரீத் வந்துபோய்விட்டன. ரஷீத் தினமும் சாமான் ஏற்றுகிறார். வேலுவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. தண்ணீர் கேனை இப்போது வேலுதான் தூக்கிக் கொடுக்கிறார். கல்யாண வீடுகளிலிருந்து பிரியாணியும் கத்திரிக்காய்ப் பச்சடியும் படகுக்கென்று தனியாக வந்துவிடும். ஊரில் யாரும் அவரிடம் பயணத்தைப் பற்றிக் கேட்பதில்லை. போன வாரம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு உப்பு மூட்டை இறக்க வந்த வெளியூர் லாரி டிரைவர் ஒருவர்தான் படகையும் அடுக்கியிருந்த பெட்டிகளையும் பார்த்துவிட்டு, "இன்னா சார், ரொம்ப தூரமா? எப்ப கிளம்பறீங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பா," என்றார் ரஷீத் அஹமது, "சாமான் இன்னும் ரொம்பலையே."