இரண்டாவது ஆமென்

லிஃப்ட் பெட்டியின் தலைமேல் குந்திக்கொண்டு இரும்புக் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. சபைச் செயலாளர்.

"தம்பி, கலங்காதீங்க. உங்க வீட்டம்மாவுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணிட்டிருக்கோம். நாளைக்கு ரிசல்ட் நல்லபடியா வரும்."

"என்ன ரிசல்ட்?"

 அந்தப் பக்கம் "ஐயையோ" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர் போனை வைத்துவிட்டார்.

பதினேழு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர். ஏழாவது மாடி உயரத்தில் நின்று வேலை செய்யும்போதுகூடப் பயந்ததில்லை. இப்போது துணியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். தங்கையை அழைத்தார். அவள் வாயைத் தாண்டாமல் சபையில் எந்தச் செய்தியும் எங்கேயும் போகாது என்பது அவருக்குத் தெரியும்.

தங்கை முதலில் மழுப்பினாள், பிறகு அழுதாள். அண்ணிக்கு மார்பில் ஒரு கட்டி. போன வாரம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளைக் காலை எட்டரைக்கு முடிவு.

"யார்கிட்டயும் சொல்லாத, ஜெபம் மட்டும் பண்ணுன்னு அண்ணி சொன்னாங்கண்ணா. நான் பேரே சொல்லல. ஒரு சகோதரிக்காகன்னுதான் ஜெபக் குழுவுல கேட்டேன்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"எந்தச் சகோதரின்னு கேட்டாங்க. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவரோட மனைவின்னு மட்டும்தான் சொன்னேன்."

அந்தச் சபையில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். வேறு நாளாக இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். இன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூற்றைம்பது குடும்பத்துக்குத் தெரிந்த விஷயம், கட்டின புருஷனுக்குத் தெரியவில்லை!

வீட்டுக்கு வந்தபோது மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அளவுக்கு மீறிச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். "நாளைக்குக் காலையில ஒரு சின்ன வேலை இருக்கு, சீக்கிரம் கிளம்பிடுவேன்" என்றாள், கத்தியைப் பார்த்தபடியே.

"ம்" என்றார். அதற்கு மேல் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே பயமாக இருந்தது.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அந்த வீட்டில் பைபிளைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. கல்யாணமான வாரத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு. யாருக்காவது யார் மேலாவது கோபம் இருந்தால் அதைப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகள் கடகடவென்று கேட்டாள்.

"யாருக்காவது யார் மேலயாவது கோபமா? இல்லல்ல? திறந்துடறேன், பசி உயிர் போகுது."

"இருக்கு" என்றார் அவர்.

பாயின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"நாளைக்கு எட்டரை மணிக்கு எங்க போற?"

அவள் தலை தூக்கவில்லை. "உங்க தங்கச்சி சொல்லிட்டாளா?"

"சபையே சொல்லிடுச்சு. நான்தான் கடைசி. ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அம்மா, என்னம்மா?" மகளின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

"ஒரு கட்டி கண்ணு. என்னன்னு நாளைக்குத் தெரியும்." மகளின் முழங்காலில் கை வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். "பயமா இருந்துச்சுங்க. கட்டியை நெனச்சு இல்ல, உங்களை நெனச்சு. அத்தை போனப்ப நீங்க அந்த ரூமுக்குள்ள போனீங்க. ரெண்டு வருஷம் வெளிய வரல. இதையும் சொன்னா மறுபடி ஆண்டவரோட சண்டை போட்டுட்டு உள்ள போயிடுவீங்க. இந்தத் தடவை உங்களைக் கூட்டிட்டு வர எனக்குத் தெம்பு இல்ல."

அது அத்தனையும் உண்மை. ஆறு வருடத்துக்கு முன் அவருடைய அம்மா நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தபோது, பைபிளைத் தூக்கிப் பீரோவின் மேல் போட்டவர் அவர். ஏழு மணி ஆனால் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கூடத்தில் அவளும் மகளும் ஜெபிப்பது கேட்கும். கடைசியில் அவள் "ஆமென்" என்பாள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் "ஆமென்." ஞாபக மறதி என்று முதலில் நினைத்தார். ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது, இரண்டாவது அவருக்காக. யார் கேட்டது இவளை என்று பல்லைக் கடித்தார். ஆனால் நாள் போகப் போக, அந்த இரண்டாவது சத்தம் வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வந்தது.

இன்றைக்கும் போனை வைத்ததும் மனசு முதலில் மேலே பார்த்துக் கேட்டது, 'மறுபடியுமா?' என்றுதான். வழியெல்லாம் ஆண்டவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அவர் எழுந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகள், "அப்பா, போகாதீங்க" என்றாள்.

அவர் அந்தக் கதவை இழுத்துச் சாத்தினார், வெளிப்பக்கம் நின்றபடி. தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எனக்கு உம்மேல கோபம் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். இவ இல்லாம எனக்கு வாழத் தெரியாது, அது உமக்கே தெரியும். நாளைக்கு எட்டரைக்கு மூணு பேரும் வர்றோம். நீரும் வந்துடும். டாக்டருங்க என்ன சொன்னாலும் நான் உள்ள போய்ப் படுத்துக்க மாட்டேன். ஆமென்."

வழக்கமாக உடனே வரும் அவளுடைய ஆமென் வரவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

அவர் கொஞ்சம் இடைவெளி விட்டார். பிறகு அவளுக்காக இன்னொரு தடவை சொன்னார்.

"ஆமென்."