ஏரிக்கரை உடும்பு

தேவானந்தத்தின் பெயரை நோட்டீஸில் பார்த்தபோது தயாளனுக்கு வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. மனைவி சாராள் செத்துப்போன பிறகு அவனுக்குள் எதுவும் அசைந்ததில்லை. பசியாக இருக்கும் என்று நினைத்து, தாம்பரம் ஸ்டேஷன் எதிரே இருந்த ஹோட்டலில் நுழைந்து இட்லி தின்றான். தின்ற பிறகும் அது அப்படியே இருந்தது.

நோட்டீஸ் ஆலயத்து வாசலில் ஒட்டியிருந்தது. வாலிபர் சங்கம் சனிக்கிழமை மாலை நடத்தும் கூட்டம். 'வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நம் சுற்றுப்புறமும்.' தலைமை, வனத்துறை ரேஞ்சர் ஏகநாதன். பேசுபவர், டி. தேவானந்தம், பி.எஸ்ஸி., பி.டி.

தயாளன் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவன். ஊர்வனவற்றைப் பற்றி அவன் தொடங்கிய ஆராய்ச்சி பாதியில் நின்றிருந்தது. தேவானந்தம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். தவளையை அறுக்கும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அறுப்பான் தேவானந்தம். நரம்பு எங்கே போகிறது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தது தயாளன்தான்.

சங்கத்துச் செயலாளர் அசரியா அவனைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கினார்.

“தப்பா எடுத்துக்கக் கூடாது சார். உங்களைத்தான் முதல்ல நினைச்சோம். இந்த நிலைமையில உங்களைத் தொந்தரவு பண்ணுவானேன்னு...”

“எந்த நிலைமை?”

அசரியா சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஒரு வருஷமாக இப்படித்தான். பாடகர் குழுவில் அவன் இடத்தில் வேறு ஆள் நின்றது. கல்யாணப் பத்திரிகைகள் வீட்டுக்கு வருவது நின்றது. எல்லாம் இரக்கப்பட்டுச் செய்தவை. இரக்கப்பட்டே அவனிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தேவானந்தமே வந்து கூப்பிட்டான். “எழுதி வச்சிருக்கேன்டா. நீ ஒரு தடவை பார்த்துட்டா எனக்குத் தைரியமா இருக்கும்.” தயாளன் போனான். தப்புகளைக் கண்டுபிடிக்கலாம் என்றுதான் போனான். ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. உணவுச் சங்கிலியைத் தயாளனைவிட நன்றாகவே எழுதியிருந்தான் பாவி.

தேவானந்தத்தின் மனைவி தபீதாள் காப்பி கொண்டுவந்தாள். ஆறாவது மாதம். இதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியிருந்தது. டம்ளரை வைத்துவிட்டு நிமிர்வதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

“அண்ணா, இளைச்சுட்டீங்க” என்றாள்.

அவள் உள்ளே போகும்வரை தேவானந்தம் அவள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு நிலையில் அவள் கை வைத்தபோது தேவானந்தத்தின் கையும் நாற்காலியின் கையை இறுக்கியது. தயாளன் அதைப் பார்த்தான். காப்பி கசந்தது.

டம்ளரைக் கழுவப் பின்பக்கம் கிணற்றடிக்குப் போனான். துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்கூடை கவிழ்த்து, மேலே அம்மிக்குழவி வைத்திருந்தது. உள்ளிருந்து நீளமாக ஒரு சீறல். கோழி சீறாது. கூடையைச் சாய்த்துப் பார்த்தான். உடும்பு. முன்னங்கால்களை முதுகின் மேல் வளைத்து, வாயையும் சேர்த்துச் சணலால் கட்டியிருந்தது. நன்றாக வளர்ந்த உடும்பு. கண் மட்டும் அவனைப் பார்த்தது.

பின்னால் தேவானந்தம் ஓடிவந்தான். “கத்தாதடா. அவளுக்குத் தெரியாது.”

“நாளைக்குச் சாயங்காலம் நீ சட்டத்தைப் பத்திப் பேசப் போற.”

“ஆமா.”

“உடும்பு பட்டியல்ல இருக்கு.”

“பட்டியலைப் பார்த்து எழுதினதே நான்தானே, எனக்குத் தெரியாதா?” அவன் குரலைத் தாழ்த்தினான். “முடிச்சூர் குப்புராஜ் புடிச்சுக் குடுத்தான். ஞாயித்துக்கிழமை வந்து அறுத்துத் தரேன்னான். ஆட்டுக்கால் சூப்புன்னு சொல்லிக் குடுக்கணும். உடம்பு தேறிடும்னு எல்லாரும் சொல்றாங்க.”

“கோழி சூப்புல இருக்கிற சத்துக்கு மேல இதுல ஒண்ணும் கிடையாது.”

“அதுவும் தெரியும்டா. ரெண்டு தடவை போச்சு. அவ முகத்தைப் பார்த்தியா? எவன் எதைச் சொன்னாலும் செய்யறதா இருக்கேன். கல்லை அரைச்சுக் குடுன்னு சொன்னாலும் அரைப்பேன்.”

தயாளன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

சாராள் கர்ப்பமாக இருந்து உடம்பு தளர்ந்தபோது அவள் அம்மாவும் உடும்பு சூப்புதான் கேட்டாள். தயாளன் சிரித்தான். மாமியாரை உட்காரவைத்து, ஊர்வனவற்றின் தசையில் என்ன உண்டு, என்ன இல்லை என்று பாடமே நடத்தினான். அவன் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. சரியாகச் சொன்னவன் வீட்டில் இப்போது கழுவ ஒரு தட்டுதான் இருக்கிறது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது அவனுக்குப் புரிந்தது. மேடையைப் பார்த்து வந்த பொறாமை அல்ல இது. மனைவியையும் வரப்போகும் குழந்தையையும் பார்த்து வந்தது என்றுகூடச் சொல்லிவிட முடியவில்லை. அந்த முட்டாள் பயப்படுகிறான். தெரிந்தே முட்டாள்தனம் செய்யும் அளவுக்கு அவனுக்குப் பயப்பட ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பயத்தை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நாளைக்கு ரேஞ்சர் வருவார். ஒரு வார்த்தை போதும்.

சனிக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தபீதாள் முன் வரிசையில், சுவரில் சாய்ந்துகொள்ள வசதியான ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ரேஞ்சர் ஏகநாதன் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அரைக்கண் மூடியிருந்தார்.

தேவானந்தம் நன்றாகப் பேசினான். ஏரியில் பாசி. பாசியைத் தின்னப் புழு, புழுவைத் தின்ன மீன், மீனைத் தின்ன நாரை. நாரையின் எச்சம் திரும்பவும் தண்ணீரில் விழுந்து பாசிக்கு உரம். “இதுல யாரும் முதலாளி இல்ல, யாரும் வேலைக்காரன் இல்ல. ஒருத்தரை எடுத்துட்டா மத்தவங்க கணக்கு தப்பிப்போகும். அதனாலதான் காட்டுல இருக்கிறதை மட்டுமில்லாம, வயல்ல ஏரியில இருக்கிறதையும் சட்டம் பட்டியல் போட்டு வச்சிருக்கு.” கைதட்டினார்கள். தயாளன் தட்டவில்லை.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து குப்புராஜ் எழுந்தார். முடிச்சூர் ஏரிக்குக் கீழே நிலம் உள்ளவர். ஆலயத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்குப் பால் ஊற்றுபவர்.

“சார், எனக்கு ஒரு டவுட்டு. ஏரிக்கரை பூரா நண்டு வளை. இங்க அடைச்சா அங்க ஒழுவுது. ராவும் பகலும் மண்ணு கொட்டிகினே கீறோம். பெரிய பேஜாரா கீது. அந்த நண்டுக்கு இன்னா மருந்து?”

தேவானந்தம் பதில் சொல்லத் தொடங்குமுன் தயாளன் எழுந்துவிட்டான்.

“மருந்து வேண்டாம். நண்டைத் தின்ன உடும்பு இருந்தாப் போதும். நண்டு, எலி, பாம்பு முட்டை, எல்லாம் தின்னும். முன்னே உங்க கரையில உடும்பு நிறைய இருந்துதே குப்புராஜ்?”

“இருந்துது சார்.”

“இப்ப?”

“கொறஞ்சு பூடுச்சு.”

“யார் புடிக்கிறாங்க?”

ரேஞ்சர் கண்ணைத் திறந்தார். தேவானந்தம் மேசையின் விளிம்பைப் பிடித்தான். தயாளன் குப்புராஜையே பார்த்தான். வயிற்றுக்குள் இருந்தது இப்போது நெஞ்சு வரை ஏறியிருந்தது. ஒரு வருஷத்தில் முதல் முறையாகத் தான் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

குப்புராஜ் மேடையைப் பார்த்தார். தபீதாளைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“யாரும் புடிக்கறதில்ல சார். அதுங்களே பஸ் ஏறி மெட்ராஸ் பாக்கப் பூட்ச்சுங்க போல.”

ஹால் முழுக்கச் சிரித்தது. ரேஞ்சரும் சிரித்துவிட்டு மறுபடி கண்ணை மூடினார். தேவானந்தம் மட்டும் சிரிக்காமல் தயாளனைப் பார்த்தான். கோபம்கூட இல்லாத பார்வை. நீயா என்று கேட்பது போல.

டீயும் மிக்சரும் கொடுக்க ஆரம்பித்தபோது தயாளன் வெளியே வந்தான். சைக்கிள் நேராகத் தேவானந்தம் வீட்டுப் பின்பக்கம் போய் நின்றது. குழவியை இறக்கி, கூடையைத் தள்ளி, உடும்பைக் கோணிப்பையில் போட்டுக் கேரியரில் கட்டினான். சட்டத்தைக் காப்பாற்றுகிறோம் என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தான். சொன்னது சரிதான். ஆனால் கை முடிச்சை அவசரமாக இறுக்கியது அதற்காக இல்லை. தபீதாளுக்காக என்று தேவானந்தம் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போகிறோம் என்ற சந்தோஷத்தில் இறுக்கியது.

முடிச்சூர் ஏரிக்கரையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கட்டை அவிழ்த்துவிட்டான். உடும்பு நகரவில்லை. கட்டிக் கிடந்த கால் மரத்துப்போயிருந்தது. அவன் மண்டியிட்டு அதன் முன்னங்கால்களைத் தேய்த்துவிட்டான். நகம் மெல்ல விரிந்து, அவன் பேண்ட் துணியை மண் என்று நினைத்துப் பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். ஒரு வருஷமாக அவனை யாரும் இப்படிப் பிடித்ததில்லை. பிறகு அது விட்டுவிட்டு, நண்டு வளைகளைத் தாண்டிக் காட்டாமணக்குப் புதரில் புகுந்தது. உள்ளே இன்னொன்று இருக்குமோ என்று தோன்றியது. அதன்மேலும் பொறாமை வந்தது.

திரும்பி வந்தபோது தேவானந்தம் கிணற்றடியில் காலிக் கூடையோடு நின்றிருந்தான்.

“எங்கடா?”

“ஏரியில விட்டுட்டேன்.”

“ஹால்ல மாட்டிவிடப் பார்த்த. குப்புராஜ் காப்பாத்தினான். அது முடியலன்னதும் இங்க வந்து எடுத்துட்ட. சட்டத்துக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதே.”

“சொல்லல.”

“பொறாமைடா உனக்கு.”

“ஆமா.”

அடிக்க ஓங்குவதைப் போல வந்தவன் அந்தப் பதிலைக் கேட்டதும் நின்றுவிட்டான். கூடையைக் கீழே போட்டான். “அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

“உடும்பைத் தேடுறீங்களா?” தபீதாள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“எனக்குத் தெரியும். அது சீறுறது உள்ளே படுத்திருந்தாலும் கேக்குது. ஆட்டுக்கால்னு சொல்லுவார்னு எதிர்பார்த்தேன். வாந்தி வந்தாலும் குடிச்சிடறதுன்னு இருந்தேன்.”

“தெரிஞ்சேவா?” என்றான் தேவானந்தம்.

“நான் குடிச்சாலாவது உங்களுக்குப் பயம் குறையுமேன்னுதான்.”

அவன் தலை குனிந்தான். அவள் படி இறங்கி வந்து அவன் தோளிலிருந்த கூடைச் சிராயைத் தட்டிவிட்டாள். அவனுக்காக அவள் ஏமாந்தது போல நடிக்க இருந்தாள். அவளுக்காக அவன் ஏமாற்ற இருந்தான். தயாளனால் அங்கே நிற்க முடியவில்லை. போகவும் முடியவில்லை. ஹாலில் வந்த பொறாமை இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

“சாராளும் இப்படித்தான் வெளுத்திருந்தா” என்றான். குரல் யாருடையதோ போல வந்தது. “ரத்தம் குறைவுன்னு கடைசி நாள்தான் தெரிஞ்சுது. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே சரிபண்ணியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. முகத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. திங்கட்கிழமை எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைப் பாருங்க. எந்தக் கட்டடம், எந்த வரிசைன்னு எனக்குத் தெரியும்.”

தேவானந்தம் நிமிர்ந்தான். “நீ வருவியா?”

அவ்வளவும் நடந்த பிறகு அவன் அதைக் கேட்டான். தயாளனுக்கு ஆத்திரமாக வந்தது. “வரேன்” என்றான்.

திங்கட்கிழமை காலை மின்சார ரயிலில் எதிரெதிரே இடம் கிடைத்தது. தேவானந்தமும் தபீதாளும் ஒரு பக்கம், தயாளன் ஒரு பக்கம். குரோம்பேட்டை வந்ததும் தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. தபீதாள் முகம் சுருங்கி, வாயைப் பொத்தினாள்.

தயாளனின் கை அவன் பாக்கெட்டுக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது. சலவை செய்து மடித்தது. சாராள் ஓரம் தைத்தது.

அதற்குள் தேவானந்தம் தன் கைக்குட்டையை அவள் கையில் கொடுத்திருந்தான். கசங்கிய, சாக்பீஸ் தூள் ஒட்டிய கைக்குட்டை. அவள் அதை மூக்கில் வைத்துக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

தயாளன் தன்னுடையதை மறுபடி மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். பல்லாவரம் தாண்டும்வரை அவன் மூக்கைப் பொத்திக்கொள்ளவே இல்லை.